கொல்லிமலைச் சபைக்குப் போகிறீர்களா? வேலையோடு போங்கள்

கேள்வி (சுருக்கமாக): ஐயா, எனக்கு வயது 29, மனைவிக்கு 27. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறாள். வாலிபர் கூட்டத்தோடு சில முறை கொல்லிமலைக்குப் போனபோது அங்கே 22 குடும்பங்கள் கூடும் ஒரு சுயாதீன சபையைப் பார்த்தோம். வயதான உபதேசியார் ஒருவர் நடத்துகிறார். பிரசங்கம் எப்போதும் ஒரே மாதிரி, ஓய்வுநாள் பள்ளி ஒழுங்காக இல்லை, சபை வளரவில்லை. அங்கேயே போய்த் தங்கி ஊழியம் செய்ய ஆண்டவர் அழைக்கிறார் என்று இருவரும் உணர்கிறோம். வரும் மே மாதம் இருவரும் வேலையை விட இருக்கிறோம். பி.எஃப். பணம் சுமார் 3,40,000 ரூபாயையும், மனைவியின் நகையில் கொஞ்சத்தையும் கொண்டு ஆலயத்தின் ஒழுகும் கூரையை மாற்றலாம் என்று எண்ணம். மாதச் செலவுக்கு 18,000 போதும். நண்பர்கள் 15 பேர் ஆளுக்கு ஆயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ள மனைவியின் சித்தப்பாவும் அனுப்புவதாகச் சொல்கிறார். திருமணத்துக்கு வாங்கிய கடனில் மாதம் 9,500 ரூபாய் தவணை இன்னும் 20 மாதம் இருக்கிறது. இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் சம்மதம் இல்லை. எங்கள் முடிவு சரியா? கார் வாங்கிக்கொண்டு போகலாமா?

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில்:) ஐயா, அங்கே போன பிறகும் நான் நர்ஸாக இருக்க முடியுமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கும் தங்கைக்கும்,

போங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம், வேலையை விட்டுவிட்டும் வேண்டாம்.

அழைப்பு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் போதகன் இல்லை. அதை உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள். நான் பட்டயக் கணக்காளன். குடும்பங்களுக்கும் சில சபைகளுக்கும் ஊழிய நிறுவனங்களுக்கும் கணக்குப் பார்க்கிறவன். ஊழியத்துக்குப் போன குடும்பம் மூன்றாம் வருடம் எப்படி இருக்கும் என்பதைச் சாட்சிக் கூட்டத்தில் கேட்டால் தெரியாது; வரவு செலவு நோட்டைப் பார்த்தால் தெரியும். அதனால் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைவிட நீங்கள் கூடவே படமெடுத்து அனுப்பியிருந்த சபை நோட்டின் அந்த ஒரு பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். அதை ஏன் அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ‘எவ்வளவு ஏழைச் சபை பாருங்கள்’ என்று காட்டத்தான் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அதில் வேறொன்றைப் பார்த்தேன்.

ஜூன் மாதத்துப் பக்கம். நான்கு ஞாயிறு. காணிக்கை 480, 620, 1,140, 530. மொத்தம் 2,770 ரூபாய். மூன்றாம் ஞாயிறு ஏன் உயர்ந்தது என்பதை உபதேசியார் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: இரண்டு பலாப்பழமும் ஒரு சேவலும் ஏலம் போன வகையில் 610. செலவுப் பக்கத்தில் உபதேசியார் படி 1,500, மின் கட்டணம் 210, நற்கருணைக்குத் திராட்சரசம் 160, ஒரு விதவைத் தாயார் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக 300. மீதி 600 என்று கோடு போட்டு, கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்திலேயே இன்னொருவருடைய கைநாட்டு. பட்டணத்தில் குளிர்சாதன ஆலயம் கட்டிய சபைகளில்கூட மாதம் தவறாமல் இரண்டு பேர் சாட்சி வைத்துக் கணக்கு முடிக்கும் பழக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தச் சபை கஷ்டத்தில் இருக்கிறது, சரி. ஆனால் கடன் இல்லாமல், யாரிடமும் கையேந்தாமல், தன் விதவையையும் கவனித்துக்கொண்டு நடக்கிறது. நீங்கள் காப்பாற்றப் போகிற சபை ஏற்கெனவே தன் காலில் நிற்கிற சபை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பேசுவோம்.

உங்கள் ஒரு மாதச் செலவு 18,000 என்கிறீர்கள். அது அந்தச் சபையின் ஆறரை மாதக் காணிக்கை. சபையிடம் நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம் என்பீர்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் மலை ஜனம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. பட்டணத்துப் பிள்ளைகள் வேலையை விட்டு நமக்காக வந்திருக்கிறார்கள் என்று சாமையும் வாழைத்தாரும் கோழியும் உங்கள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பிக்கும். இதுவரை ஆலயத்தில் ஏலத்துக்கு வந்த அதே கோழிதான் அது. சம்பளமில்லாமல் ஆண்டவரை நம்பிச் செய்யும் ‘விசுவாச ஊழியம்’ என்று நாம் சொல்வதற்குப் பல இடங்களில் உண்மையான விலை கொடுப்பவர்கள் இப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள்தான். அவர்கள் பெயர் எந்த ரசீதிலும் வராது.

அந்த 18,000 கணக்கும் சரியில்லை, தம்பி. கடன் தவணை 9,500 அதில் இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லை. ஆயுள் காப்பீடு இல்லை. பெற்றோரைப் பார்க்க வந்து போகும் செலவும் இல்லை. காப்பீட்டுக்கு மாதம் 2,000, பயணத்துக்கு 2,500 என்று குறைவாகவே போட்டாலும் 32,000 ஆகிறது. 15 நண்பர்களின் பணத்தை அப்படியே வைத்தாலும் 17,000 துண்டு விழுகிறது.

நண்பர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல பிள்ளைகள்தான், சந்தேகமில்லை. முதல் வருடம் ஒன்றாம் தேதியே பணம் வந்துவிடும். அடுத்த வருடம் ஒருவருக்குத் திருமணம், ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை. யாரும் வாக்குத் தவறவேண்டும் என்று தவறுவதில்லை. பட்டியல் தானாகத் தேயும். அது தேயாமல் இருக்க நீங்கள் மாதாமாதம் ஜெபக் கடிதம் எழுதவேண்டும். அதில் ஏதாவது ‘கனி’ இருந்தாகவேண்டும். ஒன்றும் நடக்காத மாதத்தில் என்ன எழுதுவீர்கள்? விதவைத் தாயாரின் படத்தைப் போடுவீர்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு ஆறு பிள்ளைகள் வந்ததைப் ‘பெரிய அசைவு’ என்பீர்கள். பொய் சொல்லவேண்டும் என்று யாரும் தொடங்குவதில்லை. செலவுக்குப் பணம் வரவேண்டுமே என்கிற நெருக்கடி பேனாவைத் தள்ளிக்கொண்டு போகும். அயல் வீட்டுக்காரரின் முகம் அவருக்கே தெரியாமல் சென்னையில் யாருடைய கைப்பேசியிலோ சுற்றும். நான் உங்களை வேலையோடு போகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், பி.எஃப். எல்லாம் பிறகு.

வேதத்திலேயே உங்கள் இருவருக்கும் பொருத்தமான ஜோடி இருக்கிறது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் கட்டிப் பிழைத்தவர்கள். ரோமாபுரியிலிருந்து யூதரெல்லாம் வெளியேறவேண்டும் என்று கிலவுதியு ராயன் கட்டளையிட்டபோது கொரிந்துவுக்கு வந்து, பவுலையும் தொழிலில் சேர்த்துக்கொண்டு, பிறகு எபேசுவுக்கும் போனார்கள். போன இடத்தில் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. எந்தச் சபைக்கும் அவர்கள் பாரமாக இருந்ததாகப் படிக்கவில்லை. அப்பொல்லோ என்ற பிரசங்கியின் போதனையில் ஒரு குறை கண்டபோது அவர்கள் அதைச் சபை நடுவே எழுந்து சொல்லவில்லை. அவனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய் விளக்கினார்கள். உங்கள் உபதேசியாரின் ‘ஒரே மாதிரிப் பிரசங்கம்’ பற்றி எழுதியிருந்தீர்களே, அதற்காகவும் இதை ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தப் பெரியவர் 1,500 ரூபாய் படியில் வாழ்ந்துகொண்டிருக்க முடியாது. மிளகுக் கொடி நாலு இருக்கும், கூலி வேலைக்கும் போவார். அவர் ஏற்கெனவே வேலையோடு ஊழியம் செய்கிறவர்தான். 22 வீட்டிலும் யாருக்கு எந்த வருடம் என்ன துக்கம் நடந்தது என்று அவருக்குத் தெரியும். நீங்கள் போய் இறங்கிய முதல் ஞாயிறே சபையார் உங்களைப் பிரசங்கம் பண்ணச் சொல்வார்கள்; அவரே சொல்வார், மரியாதைக்கு. ஒரு தடவை செய்துவிட்டு, பிறகு ஒரு வருடம் வரைக்கும் அவர் இல்லாத நாளில் மட்டும் செய்யுங்கள். ஓய்வுநாள் பள்ளியை அவரிடம் கேட்டு வாங்கி நடத்துங்கள். பத்துப் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக் கொடுப்பது ஒரு வருடத்துக்குப் போதுமான ஊழியம். பெரியவர் கீழே போய், நீங்கள் மேலே வந்தால் சபை இரண்டாகும். 22 குடும்பம் இரண்டானால் மிச்சம் எதுவும் இருக்காது.

கல்யாணம் நடத்தி வைக்கும்படி யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி குருப்பட்டம் பெற்றவரோ உரிமம் பெற்றவரோ திருமணப் பதிவாளரோதான் அதை நடத்தலாம். நல்ல மனதோடு நடத்தி வைத்த திருமணம் பத்து வருடம் கழித்து ஒரு பெண்ணுக்குச் சான்றிதழ் இல்லாத திருமணமாக நிற்கும்.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். அந்த மலையில் உங்களுக்கு முன்பே ஒரு இளம் தம்பதி குடியேறியிருக்கிறார்கள், சபையில் கேட்டிருப்பீர்கள். ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913இல் திருமணம் செய்துகொண்டு மலையேறினார்கள். மறு வருடம் அவர்களுடைய மகன் பால் பிராண்ட் பிறந்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர். பிராண்ட் தம்பதியின் பேச்சைக் கேட்கத் தொடக்கத்தில் ஆள் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், வீடு கட்டினார்கள். கையில் ஒரு தொழில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி அந்த மலைக் காய்ச்சலிலேயே இறந்தார். ஈவ்லின் ஓய்வு பெறும் வயதில் மறுபடியும் மலைக்கே திரும்பி, தொண்ணூறு கடந்தும் குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல், 95 வயதில் மறைந்தார். இதெல்லாம் மேடையில் சொல்லப்படுகிற பகுதி. சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. 1923இல் பாலையும் அவர் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துப்போய், உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனை அவர் மறுபடி உயிரோடு பார்க்கவே இல்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை; இன்று மலையில் பள்ளி உண்டு, சாலை உண்டு. ஆனால் ஒரு குடும்பம் இடம் பெயர்ந்தால் அதன் விலையைத் தீர்மானம் எடுத்தவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவும் மாமியாரும் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று நீங்கள் எழுதியிருந்த வரியைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வேலை. உங்கள் கடிதப்படி வரும் ஜனவரியில்தான் இந்த நிறுவனத்தில் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கு முன்பு மே மாதத்தில் விட்டால் இரண்டு நஷ்டம். தொடர்ந்து ஐந்து வருடம் முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால் வருமான வரி உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து வருடம் தேவை. உங்கள் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று எழுதியிருக்கிறீர்கள்; வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் ஐந்து வருடத்துக்குச் சுமார் 86,500 ரூபாய் வரும். ஏழெட்டு மாத அவசரத்துக்கு இது கொஞ்சம் அதிக விலை.

ஆனால் நான் சொல்வது ஜனவரி வரை காத்திருந்து விடுங்கள் என்பதல்ல. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்பதற்கு முன்பு மலையில் அது முடியுமா என்று சோதியுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில், பனி மூடிக் கிடக்கும்போது ஒரு வாரம் அங்கே தங்கி, அலுவலக வேலையை அங்கிருந்தே செய்து பாருங்கள். கோடையில் வாலிபர் கூட்டத்தோடு போய், அன்னாசிப்பழம் தின்றுவிட்டு வந்த நாட்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது, இணையம் எந்த வீட்டில் கிடைக்கிறது, மலைமேல் உள்ள செம்மேட்டில் அறை எடுத்தால் சரிவருமா என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். நிறுவனம் மறுத்துவிட்டால் இரண்டாவது வழி, மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ குடியிருந்துகொண்டு அங்கே ஒரு வேலை தேடுவது. சனிக்கிழமை மேலே போய் வீட்டுச் சந்திப்பு, ஞாயிறு ஆராதனை, மாலையில் இறக்கம். சம்பளம் பாதியாகும். முழுநேர ஊழியர் என்ற பெயர் கிடைக்காது. சபைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த வழியானாலும் முதலில் கல்யாணக் கடனை முடியுங்கள். 20 மாதத் தவணை 1,90,000. உங்கள் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் ஒரு வருடத்துக்குள் தீரும். முன்கூட்டி அடைத்தால் வங்கி ஏதாவது கட்டணம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடனோடு மலையேறுகிறவன் மாதாமாதம் மனதால் இறங்கிக்கொண்டே இருப்பான்.

கூரை விஷயம். நகையை விற்காதீர்கள், பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. கூரைக்குக் கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு தாளைப் பாருங்கள்: ஆலயம் நிற்கிற இடத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? சிறிய சுயாதீன சபைகளில் அது பெரும்பாலும் யாரோ ஒரு விசுவாசியின் தாத்தா பெயரில் இருக்கும்; சில இடங்களில் புறம்போக்காகவே இருக்கும். நீங்கள் மூன்று லட்சம் போட்டுக் கூரை மாற்றிய மறுவருடம் பேரன்கள் பாகப்பிரிவினைக்கு வருவார்கள். சபை, சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்கிறதா, வங்கிக் கணக்கு சபை பெயரில் இருக்கிறதா, இல்லை உபதேசியாரின் சொந்தக் கணக்கில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். பதிவு இல்லையென்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ய அந்த 22 குடும்பத்துக்கு உதவுவதுதான் கூரையைவிட முந்திய வேலை. நிர்வாகிகள் அவர்களாகவே இருக்கட்டும். உங்கள் பெயர் அதில் வேண்டாம். கூரை ஓடு மாற்றுவது பழுதுபார்ப்பு. ஆனால் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கும், ஒரு வீட்டை வழிபாட்டு இடமாக மாற்றுவதற்கும் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ‘சும்மா நாலு தூண் போடுகிறோம்’ என்று தொடங்கி, நடுவில் நின்றுபோன கட்டடங்கள் எத்தனையோ.

அதுவரை கூரை ஒழுகுமே என்றால், தார்ப்பாய் போடுங்கள். பலாப்பழ ஏலத்தில் 610 ரூபாய் சேர்க்கிற சபை ஒரு தார்ப்பாய்க்குத் தானே பணம் சேர்க்கும். அதில் உங்கள் பங்கும் ஒன்று, 23ஆவது குடும்பமாக.

தசமபாகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். 62,000 சம்பளத்தோடு நீங்கள் அங்கே இருந்தால் உங்கள் தசமபாகம் 6,200 ரூபாய். மொத்தச் சபையின் காணிக்கையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதை முழுவதும் ஒரே பெட்டியில் போட்டால் ஆறு மாதத்தில் மற்ற வீடுகளின் ஐம்பதும் இருபதும் நின்றுவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. தேவை இல்லை என்று தோன்றிவிடும். பிறகு நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் சபைக்குக் காணிக்கை கொடுக்கும் பழக்கமே இருக்காது. ஆகையால் அங்கே 1,500 போடுங்கள். மிச்சத்தைச் சென்னையில் உங்கள் தாய்ச் சபைக்கோ வேறு ஊழியத்துக்கோ கொடுங்கள். உபதேசியாரின் படியை உயர்த்த விரும்பினால் அதையும் சபை நோட்டு வழியாகவே செய்யுங்கள். தனியாக அவர் கையில் நோட்டைத் திணித்தால் அவர் உங்கள் ஆள் ஆகிவிடுவார். அவர் சபையின் ஆளாகவே இருக்கட்டும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தது. 1903இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் ஆட்களாலும் நம் பணத்தாலும் நடக்கவேண்டும் என்று துணிந்ததற்குப் பின்னால் அப்படிக் கொடுத்துப் பழகிய சபைகள் இருந்தன.

வெளிநாட்டுப் பணம் என்றதும் சித்தப்பா ஞாபகத்துக்கு வருகிறார். அவர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் வரும். அப்போது உங்கள் குடும்பச் செலவுக்கு அனுப்புவதென்றாலும், சட்டம் சொல்லும் ‘உறவினர்’ பட்டியலில் சித்தப்பா வருகிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள உறவினர் அனுப்புவது வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். எப்படியானாலும் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட சபைக்கோ கூரைக்கோ ஓய்வுநாள் பள்ளிக்கோ போகக் கூடாது. மத சம்பந்தமான பணிக்கு அந்நியக் குடிமகனிடமிருந்து பணம் வாங்க, மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் கணக்கே திறக்கவேண்டும். 22 குடும்பச் சபைக்கு அது தேவையில்லாத தலைவலி. சித்தப்பாவுக்கு அன்போடு நன்றி சொல்லி, விடுமுறைக்கு வரும்போது மலைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, அடியில் அந்த ஒரு வரியை எழுதிய தங்கைக்கு.

நான்கு பக்கத்தில் உங்கள் கணவர் ‘நாங்கள்’ என்று எழுதியதெல்லாம் பெரும்பாலும் அவருடைய திட்டம். உங்களுடையது கடைசியில் வந்த அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் அந்த மலைக்கு மிகவும் தேவைப்படும் படிப்பு உங்களுடையது. மென்பொருள் எழுதுபவர் இல்லாமல் மலை இவ்வளவு காலம் இருந்துவிட்டது.

ஆம், நர்ஸாக இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக ஒப்பந்தச் செவிலியர், இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் போன்ற பணியிடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். நாமக்கல் மாவட்ட இணையதளத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். மலையில் போடுவார்களோ என்று தயங்குகிறவர்கள் மத்தியில் மலையைத்தான் கொடுங்கள் என்று கேட்கப் போகிற ஆள் நீங்கள். தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலை கிடைத்தால், பணி நேரத்தில் உங்கள் வாயில் மதம் வரக் கூடாது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஆடி பதினெட்டுக்குக் காவடி எடுக்கிறவரும் உங்கள் நோயாளிதான்; அவருக்கு நீங்கள் நர்ஸ் மட்டுமே. இது அரசு விதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நோயில் படுத்திருப்பவரிடம் மதப் பேச்சுக் கொடுப்பது நியாயமில்லை.

வேலை கிடைக்கும்வரை வீட்டில் ஊசி போடாதீர்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள். ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள், அழுவார்கள். இரத்த அழுத்தம் பார்க்கலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகலாம். அதற்கு மேல் போனால் ஒரு தவறு நடந்த அன்றே ஊர் முழுவதும் சபைக்கு எதிராகத் திரும்பும், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.

இன்னொன்று. குழந்தை பற்றி நீங்கள் இருவரும் எழுதவில்லை, ஆனால் ஒன்றரை வருடத் தம்பதிக்கு அது நாளைய செய்தியாகவும் இருக்கலாம். நிறுவனம் எடுத்துக் கொடுத்திருக்கும் குழுக் காப்பீடு வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிதாகத் தனியாக எடுக்கும் பாலிசிகளில் பிரசவச் செலவு கிடைக்கப் பெரும்பாலும் இரண்டு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்கவேண்டும். பல பாலிசிகளில் அது கிடையவே கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். உங்கள் பேறுகால விடுப்புச் சம்பளமும் வேலையில் இருந்தால்தான். இருவரில் ஒருவராவது குழுக் காப்பீடு உள்ள வேலையில் இருக்கும்போதே குழந்தை பிறப்பது நல்லது. காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாம் மாதத்தோடு கீழே அம்மா வீட்டுக்கு வந்துவிடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். உங்கள் அம்மாவின் அழுகையில் பாதி அந்த ஒரு வாக்கில் நிற்கும்.

‘ஊழியக்காரர் மனைவி’ என்று உங்களுக்கு அங்கே ஒரு பட்டம் தயாராக இருக்கும். பெண்கள் கூட்டம், பாட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காபி, சாப்பாடு, எல்லாம் சம்பளமில்லாமல் உங்கள் தலையில் விழும். எதை விரும்பிச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று கிளம்புவதற்கு முன்பே கணவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டுக்கொள்வார் என்று நம்புகிறேன். அவருடைய கடிதத்திலேயே உங்கள் கேள்வியையும் எழுத இடம் விட்டிருக்கிறாரே.

இரண்டு வருடம் என்று காலம் வைத்துப் போங்கள். உபதேசியாரிடமும் சபை மூப்பர்களிடமும் அப்படியே சொல்லுங்கள். இரண்டு வருடம் முடிந்து நீடிப்பதா திரும்புவதா என்பதை உங்களோடு அவர்களும் சேர்ந்து சொல்லட்டும். காலம் சொல்லாமல் போனால், திரும்பி வருகிற நாளில் அது தோல்வியாகத் தெரியும். உங்கள் பெற்றோரிடமும் ‘போகிறோம்’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட ‘கடனை முடித்துவிட்டு, வேலையோடு, இரண்டு வருடம்’ என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர் என்கிறீர்கள். அவரையே ஒரு வாரம் அழைத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்களேன்.

கார் வேண்டாம். அந்தத் தவணையும் சேர்ந்தால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் வீண். சபையில் காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுகிறவர்கள் நடுவே அது எப்படித் தெரியும் என்பது ஒருபுறம். ஊரில் ஒரே கார் உங்களுடையது என்றால் இரவு பகல் பாராமல் நீங்கள்தான் டிரைவர். இருக்கிற இருசக்கர வண்டிக்கு நல்ல பிரேக் கட்டை போட்டுக்கொள்ளுங்கள். கீழே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் 108 இருக்கிறது; வாடகை ஜீப் ஓட்டுகிற இரண்டு பேருடைய எண்ணை வாங்கி வையுங்கள். பட்டா நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.